இரண்டு கீறல்

அன்று காலை அக்கா கடையின் ஷட்டரைப் பாதி வரைக்கும்தான் தூக்கினாள். முழுதாகத் தூக்கினால் ஆட்கள் வருவார்கள். வந்ததும் "தம்பி எங்கே?" என்பார்கள்.

தம்பி எங்கே என்பது தெருவுக்கே தெரியும். நேற்று மாலை மஃப்டியில் வந்த இரண்டு போலீஸ்காரர்கள், சாவி வெட்டும் மெஷின் முன்னால் நின்றவனை ஏப்ரனைக் கழற்றக்கூட விடாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன வாரம் கண் டாக்டர் வீட்டில் திருட்டு. கதவு உடையவில்லை, பூட்டு நெளியவில்லை. வந்தவன் சாவி போட்டுத் திறந்திருக்கிறான். ஆள் வரும் சத்தம் கேட்டதும் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அந்தச் சாவியின் கழுத்தில், அரத்தால் போட்ட இரண்டு கீறல்.

கடையில் அப்படி ஒரு பழக்கம். சாவி வெட்டி முடித்ததும் கழுத்தில் கீறல் போடுவார்கள். ஒரு கீறல் என்றால் அக்கா வெட்டியது. இரண்டு என்றால் தம்பி. சாவி திரும்பவில்லை என்று யாராவது கொண்டுவந்தால், யாரைத் திட்டுவது என்று தெரியவேண்டும் இல்லையா?

போலீஸ்காரர் செல்போனில் படத்தைக் காட்டியபோது, "எங்க கடைதான் சார். ரெண்டு கீறல்னா தம்பி வெட்டினது" என்று சொன்னது வேறு யாருமில்லை. அக்காவேதான். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமைதான் இப்போது உறுத்தியது.

"கிளம்பு. டூட்டியை மாத்திக்கிட்டு வந்திருக்கேன்" என்றார் அவள் கணவர். நகரப் பேருந்து ஓட்டுபவர். காக்கிச் சட்டை மேல் சாதாரணச் சட்டையைப் போட்டு மறைத்திருந்தார். "ஆனா ஒண்ணு. ஸ்டேஷன்ல நீ வாயைத் திறக்காதே. நேத்து திறந்தது போதும்."

 தம்பிக்கு ஒரு சட்டை, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ், கைக்குத் தடவும் களிம்பு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டாள்.

"டோக்கன் புத்தகத்தைக் கேட்டாங்களா?" என்றார் அவர். சாவி வெட்டக் கொடுப்பவர்களின் பெயர் எழுதும் புத்தகம் அது.

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

* * *

ஸ்டேஷன் சுவரில் இருந்த கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடியது. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த பொறுப்பு அதிகாரி அதை நம்புவதில்லை. கட்டையான, கண்டிப்பான பெண்மணி. உள்ளே அடைத்திருப்பவர்களின் நேரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். தன் கைக்கடிகாரத்தை மேஜையில் கழற்றி வைத்துக்கொண்டு எழுதினாள்.

"நேத்து நாலு நாப்பதுக்கு உங்க தம்பி இந்த வாசல்ல கால் வச்சார்" என்றாள் வக்கீலம்மா. கட்டணமில்லாமல் அரசாங்கம் அனுப்பும் வக்கீல். சின்ன வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம். "இந்த ஊர்ச் சட்டப்படி அதிலேருந்து இருபத்துநாலு மணி நேரம். அதுக்குள்ள ஒண்ணு குற்றம் சாட்டணும், இல்லேன்னா வெளியே விடணும். இன்ஸ்பெக்டருக்கு அது போதலை. மேலதிகாரிகிட்ட இன்னும் பன்னிரண்டு மணி நேரம் கேட்கப் போறார்."

"குடுத்துடுவாங்களா?"

"காரணம் சரியா இருந்தா குடுப்பாங்க. அவர் சொல்ற காரணம் என்னன்னா..." வக்கீலம்மா சற்றுத் தயங்கினாள். "சொந்த அக்காவே சாவியை அடையாளம் காட்டியிருக்கா. ஆனா இவன் இல்லைங்கறான். பொய் சொல்றவனை வெளியே விட்டா கூட்டாளியை எச்சரிச்சுடுவான்னு."

அக்கா துணிப்பையின் கைப்பிடியை முறுக்கினாள். "அவன் என்னதான் சொல்றான்?"

"உங்க தம்பி சம்மதத்தோடதான் சொல்றேன். விசாரணையில ஒரே வார்த்தை. 'இது என் கை இல்லை.' சாவிப் படத்தைப் பெரிசாக்கிக் காட்டியிருக்காங்க. ரொம்ப நேரம் பார்த்தாராம். 'என் கீறல் சாவித் தலையைப் பார்த்துச் சாயும். இது பல்லைப் பார்த்துச் சாயுது. என் கை இல்லை.' அவ்வளவுதான். 'அப்ப யார் கை?'ன்னா வாயே திறக்கல. நான் தனியா கேட்டேன். சிரிக்கிறார். 'அக்கா சாப்பிட்டாளான்னு கேளுங்க மேடம்'ங்கறார்."

அக்கா பைக்குள் களிம்பு டப்பாவைத் தேடித் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க கடையில வேற யாராவது சாவி வெட்டறாங்களா?"

அதற்குள் பொறுப்பு அதிகாரி கூப்பிட்டாள். கொண்டுவந்த சாமான்களுக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அக்கா போய்ப் பேனாவை வாங்கிக் குனிந்து கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது வக்கீலம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனா இடது கையில் இருந்தது.

சின்ன வயதிலிருந்தே தம்பி அவளை 'பீச்சாங்கை ஜெனரல்' என்றுதான் கூப்பிடுவான். கோபம் வந்தால் ஜெனரல் மட்டும். வலதுகைக்காரன் அரத்தை இழுத்தால் கீறல் ஒரு பக்கம் சாயும். இடதுகைக்காரி இழுத்தால் மறுபக்கம். கடையில் இடது கையால் அரம் பிடிக்கிற ஆள் ஒருத்திதான்.

"மேடம், நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"நிறுத்துங்க." வக்கீலம்மா கையை உயர்த்தினாள். குரலில் கடுமை இல்லை. "நான் உங்க தம்பியோட வக்கீல். உங்க வக்கீல் இல்லை. நீங்க இப்ப சொல்லப் போறது அவருக்கு நல்லதா இருந்து உங்களுக்குக் கெட்டதா இருந்தா, நான் அவர் பக்கம்தான் நிப்பேன். அதை யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று அக்காவுக்குத் தெரிந்தது.

* * *

மர பெஞ்சு. எதிரே பச்சை வண்ணம் அடித்த சுவர். பக்கத்தில் கணவர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் சாணைக்கல் உடைந்து தம்பியின் வலது கையில் தெறித்தது. காயம் ஆறிவிட்டது. இரண்டு விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வெட்டிய சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "பூட்டுல மாட்டிக்குதுப்பா." "நீ வேண்டாம், அக்காவையே வெட்டச் சொல்லு." அவன் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பான். பிறகு மாடிக்குப் போய் வெகுநேரம் கீழே வரமாட்டான்.

செவ்வாய்க்கிழமைகளில் அவன் ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்குப் போவான். ஒரு செவ்வாயன்று அக்கா ஒரு சாவியை வெட்டி முடித்து, கீறல் போடக் கையைத் தூக்கியவள், ஒன்றோடு நிறுத்தவில்லை. இரண்டு போட்டாள். அவ்வளவுதான் தொடக்கம். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை வேலையில் பாதி இரண்டு கீறலோடுதான் வெளியே போனது.

ஆறு வாரத்தில் பேச்சு மாறியது. "உன் கை சரியாயிடுச்சு போல! சாவி வெண்ணெய் மாதிரி திரும்புது!" என்று யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். அன்று அவன் ஷட்டரை இறக்கும்போது விசிலடித்தான். விசிலடித்தவனின் கையும் தேறியது. இல்லை, தேறியதாக அவன் நம்பினான். நம்பியதால்தான் தேறியதோ என்னவோ. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு கீறல் என்றால் தம்பி, இரண்டு கீறல் என்றால் தம்பி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, நேற்று போலீஸ்காரரிடமும் அதையே சொன்னாள். நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

இப்போது அவனுக்குத் தெரியும். உள்ளே, அந்தச் சின்ன அறையில், ஒரு படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். தட்டிக்கொடுத்த கைகளெல்லாம் தன்னைத் தட்டவில்லை என்று. தெரிந்தும் "அக்காவின் கை" என்று சொல்லவில்லை. சாப்பிட்டாளா என்று கேட்டு அனுப்புகிறான்.

"என்னங்க..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். முணுமுணுப்பாக, சுவரைப் பார்த்துக்கொண்டே.

கேட்டுவிட்டு அவர் எழுந்தார். "வா, வீட்டுக்குப் போகலாம்."

"என்னது?"

"இன்னும் பன்னிரண்டு மணி நேரம்தானே? பொறுத்துக்குவான். ஆம்பிளைதானே. நீ போய் 'நான்தான் வெட்டினேன்'னு நின்னா, அவனை விட்டுட்டு உன்னைப் பிடிச்சுப்பாங்க. உன் தலையைக் கொண்டுபோய் நீயே நீட்டாதே."

"பன்னிரண்டு மணி நேரம் இல்லைங்க, பன்னிரண்டு வருஷம் வச்சாலும் அவன் சொல்ல மாட்டான். எனக்குத் தெரியும்."

"நீ சொல்லிட்டா டோக்கன், ஆளு, அது இதுன்னு தோண்ட ஆரம்பிப்பாங்க..."

"தோண்டட்டுமே. நமக்கென்ன?"

அவர் மேல்சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். சுவர்க் கடிகாரம் இரண்டரையைக் காட்டியது. அதாவது இரண்டு இருபத்தேழு. அக்கா எழுந்தாள்.

* * *

இன்ஸ்பெக்டர் முரட்டு ஆளில்லை. அதுதான் பயமாக இருந்தது. பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, முழுதையும் கேட்டார்.

"நேத்து ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. எதை நான் நம்பறது?"

"நேத்து சொன்னது பழக்கம் சார். இன்னைக்குச் சொல்றது நெஜம்."

"தம்பியைக் காப்பாத்த அக்கா என்ன வேணா சொல்லுவாங்களே!"

"பல் வெட்டாத ஒரு மொட்டைச் சாவியும் அரமும் குடுங்க சார்."

அவர் மேஜை மணியை அடித்தார். பிறகு ஆளை அனுப்பி எதிர்த்த சாரி இரும்புக் கடையிலிருந்து வாங்கி வரச் சொன்னார். அரம் மட்டமானது, அவர்கள் கடையில் அப்படி ஒரு அரத்தைத் தம்பி தொடவே மாட்டான். மேஜை விளிம்பில் சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் இழுத்தாள். ஒன்று. இரண்டு. கீறல்கள் பல்லைப் பார்த்துச் சாய்ந்தன.

"இப்ப அவனை இதே மாதிரி போடச் சொல்லுங்க. நான் இங்கே இல்லாதப்போ. அவனால முடியாது. அவன் கை அந்தப் பக்கம் போகாது."

இன்ஸ்பெக்டர் சாவியைப் பெரிதாக்கிய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பேனா மூடியபடியே நின்றது. 

"இதை ஏம்மா செஞ்சீங்க?" என்றார் கடைசியில். அந்தக் கேள்வி மட்டும் போலீஸ்காரர் கேட்பதுபோல் இல்லை.

"அவன் விசிலடிக்கணும் சார்" என்றாள்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"கண் டாக்டர் பூட்டு மாத்தி மூணு வாரம்கூட ஆகலை. திருட்டு போன வியாழக்கிழமை. அப்படின்னா நடுவுல ரெண்டே ரெண்டு செவ்வாய்தான். யார் கொண்டுவந்து குடுத்தது?"

"தெரியலை சார். நான் உள்ளே மெஷின்ல இருப்பேன். தட்டுல வர்ற சாவியை வெட்டி வைப்பேன், அவ்வளவுதான். டோக்கன் புத்தகத்துல பேர் இருக்கும்."

"ஏழு மணிக்கு ஆள் அனுப்பறேன். புத்தகம் அப்படியே இருக்கணும். ஒரு பக்கம்கூடக் கிழியக் கூடாது." பேனாவைத் திறந்தார். "இப்போதைக்கு நீங்க சாட்சி. நாளைக்கும் சாட்சியாவே இருப்பீங்களான்னு புத்தகம் சொல்லும்."

* * *

நாலு மணிக்கு வக்கீலம்மா வேகமாக வந்தாள். முகத்தில் முதன்முறையாக வயதுக்கேற்ற சிரிப்பு.

"கூடுதல் நேரம் இல்லைன்னுட்டார் மேலதிகாரி. உங்க தம்பியையும் கீறல் போடச் சொல்லிப் பார்த்தாங்க. ஒத்துப்போகல. விடறாங்க."

அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இருங்க. வழக்கு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. இது போலீஸே குடுக்கற ஜாமீன். குற்றம் சாட்டல, சாட்ட மாட்டோம்னும் சொல்லல. கடைச் சாவிதானே, உங்க தம்பிக்குத் தெரியாமலா போச்சுன்னு இன்ஸ்பெக்டருக்கு இன்னும் சந்தேகம். இருபத்தெட்டு நாள் கழிச்சு இங்கே வந்து நிக்கணும். அதுவரைக்கும் நிபந்தனை இருக்கு."

"என்ன வேணா இருக்கட்டும் மேடம். தினமும் வந்து கையெழுத்துப் போடணுமா? நானே கூட்டிட்டு வர்றேன்."

வக்கீலம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க கூட்டிட்டு வர முடியாது. இந்த வழக்குல இப்ப முக்கியமான சாட்சி நீங்கதான். சாட்சியோட அவர் பேசக் கூடாது. நேரா பேசக் கூடாது, போன்ல கூடாது, எழுதக் கூடாது, ஆள் மூலமாவும் கூடாது. சாட்சி இருக்கற வீட்டுக்கும் கடைக்கும் வரக் கூடாது."

"அவன் வீடும் அதுதானே?"

"அதனாலதான் வேற விலாசம் கேட்டாங்க. உங்க வீட்டுக்காரர் பேருந்து டிப்போ பக்கத்துல யாரோ நண்பரோட ரூமைச் சொன்னார். ஏத்துக்கிட்டாங்க."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் சொன்ன உண்மைதான் கதவைத் திறந்தது. அதே உண்மை இன்னொரு கதவைச் சாத்திவிட்டது.

"சாப்பிட்டியான்னு கேக்கறதுகூடத் தப்பா?"

"நீங்க கேட்டு, அவர் பதில் சொன்னா, மாட்டிக்கறது அவர். மறுபடி உள்ளே போக வேண்டி வரும்."

"மேல முறையிட முடியாதா?"

"நிபந்தனையை மாத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்பேன். நாலைஞ்சு நாள் ஆகும்." சற்று நிறுத்தி, "அதுவரைக்கும் நீங்க அவரைப் பார்க்காத மாதிரி இருக்கறதுதான் அவருக்குச் செய்யற உதவி."

நாலு முப்பத்தாறுக்குக் கம்பிக் கதவு திறந்தது. அவள் கொண்டுவந்த சட்டையைப் போட்டிருந்தான். தலை வாரியிருந்தான். பொறுப்பு அதிகாரி நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது." "புரிஞ்சுதா?" "புரிஞ்சுதுங்க." கையெழுத்துப் போட்டான். இரண்டு விரல் ஒத்துழைக்காமல் பேனா ஒருமுறை நழுவியது.

அக்கா பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பச்சைச் சுவர். வண்ணம் ஓரிடத்தில் உரிந்திருந்தது. அவன் காலடிச் சத்தம் நெருங்கியது. அவளுக்குப் பின்னால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், நின்றது.

அவன் பேசவில்லை. அவளும் திரும்பவில்லை. கோபமா, நன்றியா, அவமானமா? முகத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். முப்பது வருடமாகப் படித்த முகம்.

காலடிச் சத்தம் வாசலைக் கடந்தது. விசில் கேட்குமா என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

* * *

ஆறேகாலுக்கு அவள் தனியாகக் கடைக்கு வந்தாள். தம்பியை டிப்போ ரூமில் விட்டுவிட்டு வருவதாகக் கணவர் சொல்லியிருந்தார்.

விளக்கைப் போட்டாள். மெஷினுக்குப் பக்கத்தில் நேற்று அவன் பாதியில் விட்டுப்போன சாவி அப்படியே பிடிப்பில் இருந்தது. குனிந்து பார்த்தாள். நான்கு பல் முடிந்திருந்தது. சுத்தமான வெட்டு. நடுக்கமில்லை, பிசிறில்லை. அவள் வெட்டியிருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது.

இதை அவனிடம் சொல்ல வேண்டும். 'டேய், உன் கை நெஜமாவே சரியாயிடுச்சுடா' என்று. மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

மீதிப் பல்லை அவள் வெட்டவில்லை. பிடிப்பைத் தொடவில்லை.

கவுண்டரின் இழுப்பறையைத் திறந்து டோக்கன் புத்தகத்தை எடுத்தாள். போலீஸ் கைக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம். முதல் செவ்வாய்: பதினோரு டோக்கன். எல்லாவற்றிலும் பெயர், போன் நம்பர். இரண்டாவது செவ்வாய்: ஒன்பது. எட்டில் பெயர் இருந்தது.

ஒன்பதாவதில், பெயர் எழுத வேண்டிய இடத்தில், 'தெரிஞ்சவர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அது தம்பியின் எழுத்து இல்லை. அவளுடையதும் இல்லை. குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தும் பேருந்தில் இடம் பார்த்து உட்கார்ந்ததுபோல இருக்கும் அந்தக் கையெழுத்தை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். செவ்வாய் அவருக்கு வார விடுமுறை. தம்பி இல்லாத அன்று கவுண்டரில் அவர்தான் உட்காருவார்.

பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து அவர் உள்ளே வந்தார்.

"விட்டுட்டேன். ஒண்ணும் பேசலை. வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துட்டே வந்தான்." சட்டை பட்டனைக் கழற்றியபடி நிமிர்ந்தவர், அவள் கையில் விரிந்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். விரல் அந்தப் பட்டனிலேயே நின்றுவிட்டது.

"தெரிஞ்சவர்னு எழுதியிருக்கீங்களே," என்றாள். குரல் உயரவில்லை. "யாருங்க அது?"

அவர் கடை மூலையில் கை கழுவும் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

மணி ஏழு. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. யாரோ ஷட்டரை இரண்டு முறை தட்டினார்கள்.